பானெட்டைத் திறந்து காட்டுங்கள்: உங்கள் இன்ஜினும் அதை நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதமும்

சாம்பல்செடான் (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரமாகச் சனி, ஞாயிறு முழுக்கக் காரின் முன்னால் குனிந்தே போனது. முதுகு வலிக்கிறது, ஆனால் மனசு நிறைந்திருக்கிறது.

14 வருடம் ஓடிய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பானெட்டைத் திறந்தால் எல்லாமே ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கும். எது அலுமினியம், எது பிளாஸ்டிக், எது ரப்பர் என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வால்வு கவரின் ஓரம் முழுக்க ஆயில் கசிந்து, அதன் மேல் தூசி படிந்து, விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது.

முதல் வாரம் அழுக்கை எடுத்தேன். இரண்டாம் வாரம் வால்வு கவரைக் கழற்றி, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றி, கவருக்குச் சுருக்கம் விழும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மூன்றாம் வாரம் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு படம் போட்டிருக்கிறேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பெல்ட் பக்கம் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று.

உங்கள் காரையும் காட்டுங்கள். புதுசோ பழசோ, பளபளப்போ அழுக்கோ, எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாலாம்கியர்

அருமை நண்பரே! அந்தச் சுருக்கப் பெயின்ட் அப்படியே கம்பெனியில் இருந்து வந்த மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. அலுமினியம் இவ்வளவு வெளுப்பாக வர என்ன போட்டீர்கள்? நான் ஒருமுறை வீல் கிளீனரை எடுத்து அடித்துவிட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போனது. இன்றுவரை அந்தக் கறை போகவில்லை.

சாம்பல்செடான்

வீல் கிளீனரில் சிலது அமிலம், சிலது கடும் காரம். இரண்டுமே பூச்சில்லாத அலுமினியத்தைத் தின்னும். நான் போட்டது பிசுக்கை எடுக்கும் சாதாரண டிகிரீசர், அதுவும் ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து. ரொம்பப் பிசுக்கு இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கெட்டியாக.

இன்ஜின் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். லேசான வெதுவெதுப்பு இருந்தால் பிசுக்கு சீக்கிரம் இளகும், அதற்கு மேல் சூடு வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடினேன். டிகிரீசரைத் தெளித்து மூன்று நாலு நிமிடம் விட்டேன், காய விடவில்லை. காய்ந்தால் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ் இரண்டும்தான் கருவி. செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி மெல்லிய தெளிப்பில் அலசினேன். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுவரவே இல்லை. அப்புறம் காற்று ஊதி, துணியால் ஒற்றி, பானெட்டைத் திறந்தே வைத்து நன்றாகக் காயவிட்டேன்.

அலுமினியத்தின் வெளுப்புக்குக் காரணம் எந்த மருந்தும் இல்லை. நைலான் பிரஷும் பொறுமையும்தான்.

ஈரத்துணி

என் கதையையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

போன வருடம் ஒரு சர்வீஸ் கடையில் "இன்ஜின் வாஷ்" சேர்த்துச் செய்யச் சொன்னேன். பிரஷர் வாஷரை வைத்து இரண்டே நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. வெளியே வந்து முதல் சிக்னலில் நிற்கும்போதே கார் நடுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை, இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

ஸ்கேனரில் பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. இக்னிஷன் காயிலைத் தூக்கினால், ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிக்குள் விரல் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது! காயிலின் ரப்பர் காலிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அந்த வழியாகத்தான் மின்சாரம் தாவியிருக்கிறது. காயிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதிலிருந்து தண்ணீர் என்றாலே பயம். இப்போது ஈரத்துணியும் பிரஷும் மட்டும்தான்.

ஸ்பேனர்12

சகோதரி, நீங்கள் ஓரங்கட்டி நிறுத்தியது ரொம்பச் சரி. விளக்கு சும்மா எரிவது வேறு, விட்டுவிட்டு எரிவது வேறு. விட்டுவிட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும்.

30 வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். அந்தக் குழிதான் நிறையப் பேர் மறக்கும் இடம். காயிலின் ரப்பர் தொப்பி மேலிருந்து விழும் தூறலைத் தாங்கும். நேராகக் குத்தும் பிரஷர் தண்ணீரைத் தாங்காது. பழைய காரில் அந்த ரப்பர் வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி விறைத்திருக்கும். கனெக்டர்களும் அப்படித்தான்.

தண்ணீர் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். காயிலைத் தூக்கி, குழிக்குள் காற்றை ஊதி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். குழியில் தண்ணீர் நிற்கும்போது பிளக்கைக் கழற்றினால் தண்ணீர், மண் எல்லாம் நேராக சிலிண்டருக்குள் இறங்கும்.

இன்னொன்று. சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம், இன்ஜின் சூடாக இருந்தால் நிச்சயம் வாய்ப்பு உண்டு. தொங்கும் சங்கிலி, மோதிரம், தளர்ந்த சட்டைக்கை எதுவும் வேண்டாம். விரலை விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழையடீசல்

எல்லோரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் என் டீசலை 11 வருடமாக ஒருமுறைகூடக் கழுவியதில்லை. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். அழுக்குதான். ஆனால் ஆயில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட், பிரேக் ஆயில், பெல்ட் எல்லாம் நாள் தவறாமல் பார்க்கிறேன். எப்போது என்ன மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்ஜினுக்கு வேண்டியது அதுதானே?

கழுவிய இன்ஜினைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். பழைய கார் வாங்கப் போனால், வெளியே கீறலும் உள்ளே கிழிசலுமாக இருக்கும், பானெட்டுக்குள் மட்டும் பளபள என்று இருக்கும். எதையோ துடைத்திருக்கிறார்கள். எங்கே கசிகிறது என்ற தடயமே போய்விட்டது. அழுக்கு பொய் சொல்லாது.

சாம்பல்செடான் தம்பியைச் சொல்லவில்லை. தம்பி விற்கக் கழுவவில்லை, ஆசைப்பட்டுக் கழுவியிருக்கிறார், அது தெரிகிறது.

குரோம்காதலன்

பழையடீசல் அண்ணே, உங்கள் நோட்டுக்கு என் வணக்கம். ஆனால் இன்ஜின் என்பது பார்க்கவும்தான். அதைச் செய்தவர்களே அப்படி நினைத்திருக்கிறார்கள்.

1948ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினின் இரட்டை கேம் கவர்களைப் பாருங்கள், மெருகேற்றிய அலுமினியம். ஃபெராரியின் டெஸ்டா ரோஸா என்ற பெயருக்கே "சிவந்த தலை" என்று அர்த்தம். கேம் கவருக்கு அடித்த சிவப்புப் பெயின்டால் வந்த பெயர். ஆல்ஃபா ரோமியோவின் பூஸோ வி6 இன்ஜினில் ஆறு குரோம் குழாய்கள் வளைந்து இறங்கும். அதை முதல்முறை நேரில் பார்த்தபோது கால் மணி நேரம் நகராமல் நின்றேன். மெக்லாரன் எஃப்1ல் இன்ஜின் அறைக்குள் தங்கத் தகடே ஒட்டியிருக்கிறார்கள். அது ஆடம்பரத்துக்காக இல்லை. வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டி, அதனால்.

நான் பழைய கார்களை மீட்டெடுப்பவன். அங்கே அழகுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவின் பெப்பிள் பீச்சில் 1950ல் இருந்து நடக்கும் மாதிரியான பெரிய கண்காட்சிகளில், அளவுக்கு மீறிப் பளபளக்க வைத்தாலும் குறைதான். தொழிற்சாலையில் இருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்க வேண்டும். ஹோஸ் கிளிப் அந்தக் கால வகையா, போல்ட் தலையில் அந்தக் கால முத்திரையா, ஒயர் சுற்றிய டேப் துணியா பிளாஸ்டிக்கா, அதுவரை பார்ப்பார்கள். என் காரில் ஒரு பிராக்கெட்டை எட்டு மாதம் தேடினேன். கிடைத்தது துருப்பிடித்த ஒன்று. மணல் அடித்துத் துருவை எடுத்து, துத்தநாகப் பூச்சு போட்டு மாட்டினேன். பார்த்தவர் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

நாலாம்கியர்

நெஞ்சைத் தொட்டீர்கள். இப்போது வரும் கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான். சத்தத்தைக் குறைக்க என்கிறார்கள், சரிதான், அடியில் ஸ்பாஞ்ச் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாதம் ஒருமுறை அதைத் தூக்கிப் பாருங்கள். என் நண்பரின் காரில் எலி அதற்கடியில் மெத்தையே போட்டிருந்தது, இன்ஜெக்டர் ஒயரையும் கடித்திருந்தது.

பிளாஸ்டிக்கைப் பளபளப்பாக்கும் டிரெஸ்ஸிங் பற்றியும் சொல்லுங்கள். போடலாமா?

சாம்பல்செடான்

தண்ணீரில் கரைந்த வகையை மட்டும் போடுகிறேன். துணியில் ஊற்றித் துடைப்பேன், நேராகத் தெளிக்க மாட்டேன். எண்ணெய்ப்பசை உள்ள வகை அன்றைக்குக் கறுகறு என்று ஜொலிக்கும், ஒரே வாரத்தில் தூசியெல்லாம் அதில் ஒட்டி முன்பைவிட மோசமாகிவிடும். பெல்ட்டின் மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. வழுக்கும், கத்தும்.

ஸ்பேனர்12

தம்பி சாம்பல்செடான், மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். பெல்ட் பக்கம், ஆல்டர்னேட்டருக்குக் கொஞ்சம் கீழே, வாட்டர் பம்ப் உடம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்குகிறதே, அது என்ன? பெயின்ட் சிந்தியதா? உங்கள் கூலண்ட் என்ன நிறம்?

சாம்பல்செடான்

இளஞ்சிவப்புதான் ஐயா. நான் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது இருட்டிவிட்டது, காலையில் டார்ச்சோடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஈரத்துணி

காத்திருக்கும் நேரத்தில் ஒரு விஷயம். பானெட்டின் பின்பக்கம், வைப்பர் மோட்டார் இருக்கும் பள்ளத்தை யாரும் சொல்லவில்லையே! மழைத்தண்ணீர் அங்கே இறங்கி, இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டும். இலைச்சருகு மக்கி அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் பள்ளம் தொட்டியாகிவிடும். தண்ணீர் ஏசி காற்று போகும் வழியாகக் காருக்குள் வரும். என் காரில் பயணி கால் வைக்கும் கம்பளம் நனைந்தபோது கதவு ரப்பர் என்று நினைத்து இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் ஒரு கைப்பிடி மக்கிய இலை. எடுத்ததும் உறிஞ்சுகிற சத்தத்தோடு தண்ணீர் இறங்கியது. சில கார்களில் கம்ப்யூட்டர் பெட்டியே அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது, அதனால் விளையாட்டு இல்லை.

சாம்பல்செடான்

பார்த்துவிட்டேன். ஸ்பேனர்12 ஐயாவின் கண்ணுக்கு ஆயிரம் கும்பிடு.

பம்பின் அடியில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதிலிருந்து கீழே இரண்டு அங்குலத்துக்கு இளஞ்சிவப்புக் கோடு. ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி உறைந்திருக்கிறது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. ஓட்டையின் வாயில் மட்டும் ஈரம். ரிசர்வ் டப்பாவில் கூலண்ட், நான் கோடு போட்டு வைத்த இடத்தைவிட ஒரு விரல்கடை கீழே.

இதில் முக்கியம் என்னவென்றால், அந்த இடத்தை நான் முதல் வாரமே பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறேன். கழுவிய அன்று எடுத்த படமும் இருக்கிறது, அதில் அந்த இடம் வெறும் அலுமினியம். அப்படியென்றால் இந்தக் கோடு மூன்று வாரத்துக்குள் வந்தது.

ஸ்பேனர்12

அதுதான் வீப் ஹோல். பம்பின் உள்ளே கூலண்டைத் தடுக்க ஒரு சீல், அதற்கு இந்தப் பக்கம் பேரிங். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடியட்டும் என்று வைத்த ஓட்டை. அதாவது பம்ப் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது. புது பம்பில் முதல் சில நாள் லேசாகக் கசிந்து நின்றுவிடுவதும் உண்டு. 14 வருடப் பம்பில் அப்படி நிற்காது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதுவரை தினமும் லெவலைப் பாருங்கள், வெப்பநிலை முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். கூலண்ட் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்துக்கு வரும்.

சைலன்சர்

புதியவன், தவறாக இருந்தால் மன்னிக்கவும். குறைந்த ஒரு விரல்கடைக்கு அதே இளஞ்சிவப்பு நிறத்தில் எந்தக் கூலண்டையும் ஊற்றலாம்தானே?

ஸ்பேனர்12

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது தம்பி, நல்ல கேள்வி. ஊற்றக் கூடாது. கூலண்டின் நிறம் வெறும் சாயம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் ரசாயனம்தான் வகையைத் தீர்மானிக்கிறது. சேராத இரண்டைக் கலந்தால் அந்தக் காப்பு கெடும். சில சமயம் கூழாகி ரேடியேட்டர் குழாயை அடைக்கும். கார் கையேட்டில் எழுதியிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது மேல். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படியும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிரே போய்விடும்.

பழையடீசல்

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அழுக்கு பொய் சொல்லாது என்று எழுதினேன். ஆனால் என் இன்ஜினில் ஒரு கசிவு இருந்தால், அது நேற்று வந்ததா, ஐந்து வருடம் முன்பு வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. தம்பியால் சொல்ல முடிந்தது. கழுவிய தேதி தெரிந்தால் கசிவின் வயது தெரிகிறது. இது எனக்குத் தோன்றாமல் போனது.

இன்று காலை என் டீசலில் வால்வு கவர் ஓரத்தையும் பம்ப் பக்கத்தையும் மட்டும் துணியும் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்தேன். அதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன், இருந்த தடயம் போய்விடக் கூடாது என்று. நோட்டில் தேதி எழுதியாயிற்று. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயின் மூட்டில் மட்டும் ஈரம் இருந்தது. டர்போ பக்கம் சூடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அங்கே ஆயில் சொட்டக் கூடாது. அந்த மூட்டில் போடும் வாஷர் வளையம் வாங்க நாளை போகிறேன்.

விற்கக் கழுவுகிறவர்களைப் பற்றி நான் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

குரோம்காதலன்

மாற்றிக்கொள்ள வேண்டாம் அண்ணே, அதுவும் உண்மைதான். வாங்கப் போகிறவர் கழுவிய காரை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, நிறுத்தி, திரும்பப் பார்க்க வேண்டும். புதுக் கசிவு அதற்குள் நனைக்க ஆரம்பித்துவிடும்.

நாலாம்கியர்

ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். அந்தப் பக்கம் தண்ணீரும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம். பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

சாம்பல்செடான்

பம்ப் மாற்றியாயிற்று. என் இன்ஜினில் அது வெளிப்புற பெல்ட்டில் ஓடுவதால் கை எட்டியது. டைமிங் பெல்ட்டில் ஓடும் வகையாக இருந்தால் அந்த பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய புல்லியை ஆட்டினால் துளி ஆட்டம் இருந்தது. சுற்றினால் மணலை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு விரலில் தெரிந்தது. கேஸ்கெட் உட்காரும் இடத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்தேன், இரும்பு வைத்தால் அலுமினியத்தில் கீறல் விழும். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக முறுக்கினேன். புதுக் கூலண்ட் ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்றுக் குமிழி அடங்கும்வரை ஓடவிட்டேன். மறுநாள் காலை இன்ஜின் ஆறிய பிறகு பார்த்தால், லெவல் கோட்டிலேயே நின்றது.

இரண்டு படம் போட்டிருக்கிறேன். ஒன்று பழைய பம்ப், அந்த ஓட்டையின் வாயில் உறைந்த உப்போடு. இன்னொன்று அதே கோணத்தில் புதுப் பம்ப். இதையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்பேனர்12 ஐயா, நீங்கள் முதலில் பாருங்கள்.

ஸ்பேனர்12

பார்த்தேன். பம்ப் நன்றாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கீழ் ஹோஸின் கிளிப்பை மட்டும் இன்னொரு அரைச் சுற்று முறுக்குங்கள்.